செடியின் உயரம்

தெய்வம்மாவுக்கு வலது தோள் வலிக்கத் தொடங்கியபோது நாற்பத்து மூன்று வயது. என்றைக்குத் தொடங்கியது என்று பிற்பாடு டாக்டர்கள் எத்தனை தடவை கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. நீலகிரியில் கிளென்மார்கன் பக்கம் சோலைக்கரை எஸ்டேட்டில் நூற்றுச் சொச்சம் பெண்கள் கொழுந்து எடுத்தார்கள். அத்தனை பேருக்கும் தோள் வலித்தது. வலிக்காதவள் ஒருத்தி இருந்தால் அவள் வேலைக்குப் புதுசு என்று அர்த்தம்.

அவளுடைய அம்மாவும் அப்பாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். தெய்வம்மா பிறந்தது இங்கே, தொழிலாளர் வரிசை வீடுகளில் நான்காம் லயத்தின் கடைசி வீட்டில். இலங்கையை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் "முடியும்" என்று சொல்ல மாட்டாள், "ஏலும்" என்பாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடம் அவளுக்குப் பிரட்டுக்களம்தான். பதினெட்டு வயதில் பேர் பதிந்தாள். அடுத்த வருஷம் அம்மாவின் கடைசித் தம்பி ராசுவுக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். ராசு பதினான்கு வயது மூத்தவன். கவாத்துக்காரன், அதாவது தேயிலைச் செடியை அளவாக வெட்டிவிடுகிற வேலை. சிறுவயதிலிருந்து கூப்பிட்டபடியே அவனை "மாமா" என்றுதான் கடைசி வரைக்கும் கூப்பிட்டாள். மோனிகா என்று ஒரே மகள். அவள் கல்யாணமாகித் திருப்பூரில் ஒற்றை அறையில் நான்கு பேரோடு இருந்தாள்.

ராசுவுக்கு ஐம்பத்தெட்டு நிறைந்ததும் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். எஸ்டேட் வீடு வேலையில் இருக்கிற ஆளுக்குத்தான். அதனால் வீட்டைத் தெய்வம்மா பேருக்கு மாற்றி எழுதினார்கள். அவள் பிரட்டுக்களத்தில் நிற்கும் வரைக்கும் இரண்டு பேருக்கும் தலைக்கு மேல் கூரை உண்டு. நின்றுவிட்டால் மூன்று மாதத்தில் சாமானைக் கட்ட வேண்டியது. மலையிலோ சமவெளியிலோ அவர்களுக்கு வேறு ஒரு முழம் மண் கிடையாது.

வேலை செய்து வருகிற வலி, படுத்தால் குறையும். தெய்வம்மாவின் வலி படுத்தால் கூடியது. இந்த ஒரு வித்தியாசத்தை யாராவது கேட்டிருந்தால் ஒன்றரை வருஷம் மிச்சமாகியிருக்கும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் சகாயம் கேட்கவில்லை. பச்சை மூடி போட்ட களிம்பு கொடுத்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தார். கொழுந்துச் சாக்கின் பட்டையை வலது தோளுக்குப் பதிலாக இடது தோளில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நூறு பேருக்கு வலிக்கிற இடத்தில் நூற்றியோராவது ஆளுக்கு மட்டும் வேறு வலி என்று நினைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். தெய்வம்மாவுக்கே தோன்றவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது சசிகலா. பக்கத்து வரிசையில் கொழுந்து எடுப்பவள், வாய் ஓயாதவள்.

"ஏனக்கா, ஒரு கைக்கு மட்டும் தனியாச் சத்து மாத்திரை போடறியா?"

"என்னாடி சொல்ற?"

"வலது பக்கம் ரவிக்கை பிதுங்குது, இடது பக்கம் தொங்குது. தையக்காரன் உன்ற மேல கேஸு போடப்போறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தபடியே கையை வைத்துப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். தோளின் முன்பக்கம் ஒரு எலுமிச்சை அளவுக்குக் கெட்டியாக இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

ஊட்டியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு அட்டையோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதினோரு நாள் கழித்துப் பெரிய டாக்டர் கட்டிலுக்கே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போகாமல் டாக்டர் உட்கார்கிறார் என்றால் விஷயம் பெரிசு என்று ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

"ஏனுங்கம்மா, ரெண்டு கட்டி இருக்குதுங்க. மேல்கை எலும்பு உச்சில ஒண்ணு, அது வந்து சேர்ற தோள்பட்டைக் குழில ஒண்ணு. புத்துநோய் சாதிதானுங்க. ஆனா மெதுவா நடக்கற சாதி. இது மருந்துக்கும் கேக்காது, கரண்டு வெச்சாலும் கேக்காது. வெட்டித்தான் எடுக்கோணும்."

"கையையேங்களா?"

"கை இருக்கும். தோள் மூட்டு இருக்காது. கட்டியச் சுத்தி இருக்கற சதையும் போயிடும். கையை மேல தூக்கறதே அந்தச் சதைதான்."

அப்புறம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, உலோக மூட்டு. பார்க்கத் தோள் மாதிரியே இருக்கும், ஆனால் தூக்குவதற்குச் சதை இல்லாததால் கை தொங்கிக்கொண்டே இருக்கும், பாரம் இழுத்தால் கழன்றுகொள்ளும். இரண்டாவது, காலில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற ஒல்லியான எலும்பில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடு எடுத்து, மேல்கையையும் தோள்பட்டையையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது. மூட்டே இருக்காது. எந்த நிலையில் சேர்த்து வைக்கிறார்களோ அந்த நிலையில் நிற்கும். முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் வேலை செய்யும். எலும்பு கூடிவிட்டால் பாரமும் தாங்கும்.

தெய்வம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எதுல கொழுந்து எடுக்க ஏலும்?"

டாக்டர் யோசித்தார். "ரெண்டாவதுலதான். ஆனா எந்த ஒசரத்துல கையை வெக்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணோணும். ஒருக்கா கூடிருச்சுன்னா மாத்த முடியாதுங்க. வழக்கமா வாய்க்கு எட்டற மாதிரி வெப்போம். உங்க செடி எவ்வளவு ஒசரம்?"

அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையைக் காட்டினாள். கையில் காட்டினால் போதாது, சரியான அளவு வேண்டும் என்றார். எஸ்டேட்டில் இருந்த ராசுவுக்குப் போன் போட்டார்கள்.

ராசு அன்றைக்கே பத்தாம் நம்பர் மலைக்குப் போனான். அங்கேதான் தெய்வம்மாவின் கோஷ்டி வழக்கமாகக் கொழுந்து எடுக்கும். நல்ல வளர்த்தியான ஒரு செடியாகப் பார்த்து, அடித்தூரில் மண்ணோடு சேர்த்து ஒரு சணல் கயிற்றின் நுனியை மிதித்துக்கொண்டு, கொழுந்து பறிக்கிற மேல்மட்டம் வரைக்கும் இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டான். ஒரு செடி போதாதென்று ஏழு செடிகளில் வைத்துப் பார்த்தான். முடிச்சு ஒரு விரல்கடைக்கு மேல் மாறவில்லை. முப்பத்தைந்து வருஷம் கவாத்து வெட்டியவன். கவாத்துக்காரனுக்குச் செடியின் உயரம் என்றால் மண்ணிலிருந்து வெட்டு வரைக்கும்தான். அளவுக்குச்சியை அடித்தூரில் ஊன்றித்தான் வெட்டுவான். கயிற்றைச் சட்டைப் பையில் மடித்து வைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தான்.

கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வர்ஷா, கட்டிலில் வைத்துச் சாப்பிடுகிற மேஜையைக் கயிற்று முடிச்சுக்குச் சரியாக இறக்கி நிறுத்தினாள். அதன் மேல் ஒரு பச்சைத் துணியைப் போட்டாள். தெய்வம்மா ஆஸ்பத்திரிச் செருப்போடு மேஜைக்கு முன்னால் நின்று, இல்லாத கொழுந்தைப் பறித்து இல்லாத சாக்கில் போட்டுக் காட்டினாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"இப்படியேதானேங்கம்மா பண்ணுவீங்க?" என்றாள் வர்ஷா, தோளின் கோணத்தை அளந்துகொண்டே.

"முப்பது வருசம் ஆகப்போகுது. வேற எப்படிப் பண்ண?"

டாக்டர் அளவைப் பார்த்தார். "கை ரொம்பத் தணிவா வருதுங்களே. இன்னும் கொஞ்சம் ஒசத்தி வெச்சா நீங்களே தலை சீவிக்கலாம். என்ன, கை ஒடம்போட ஒட்டி நிக்காது, படுக்கறப்ப தோள்பட்டை இழுக்கும்."

"தல சீவ மாமா இருக்காரு. கொழுந்துக்கு வைங்க."

ராசு கதவோரம் நின்றபடி, "நான் சடை பின்னுனா ஊரு சிரிக்கும்" என்றான்.

"சிரிக்கட்டும். இல்லேன்னா தலையச் செரைச்சுக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் அளவைத் தாளில் குறித்துக்கொண்டார். அளவு பார்த்த நான்கு பேரில் ஒருவருக்குக்கூட, அந்த ஆஸ்பத்திரித் தரை சமமாக இருக்கிறது என்பது தோன்றவில்லை. டாக்டரும் வர்ஷாவும் தேயிலை மலையில் நின்றவர்கள் இல்லை. ராசு மண்ணிலிருந்து அளந்தவன். தெய்வம்மாவோ, சரிவில் நின்று நின்று, சரிவு என்று ஒன்று இருப்பதையே மறந்தவள்.

ஆபரேஷன் பத்து மணி நேரம் நடந்தது. கட்டி இரண்டையும் சுற்றுச் சதையோடு எடுத்தார்கள். இடது காலில் எலும்பு எடுத்த இடத்தில் ஒரு சாண் தழும்பு. மார்பிலிருந்து கைவரைக்கும் மாவுக்கட்டு. அதற்குள்ளே வேர்க்கும், அரிக்கும், நாறும். ஒரு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த மாதிரிக் கட்டோடு வருகிற ஆளைப் பார்த்துக்கொள்வது பாயசம் காய்ச்சுகிற வேலை இல்லை. மோனிகா பத்து நாள் லீவு போட்டு வந்தாள். பதினோராவது நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது, போய்விட்டாள். அப்புறம் எல்லாமே ராசுதான். அக்குளுக்குள் காற்று போகாது. ஈரம் தங்கினால் தோல் வெந்துபோகும். வர்ஷா சொல்லிக்கொடுத்தபடி ஒரு கரண்டிக் காம்பில் மெல்லிய துணியைச் சுற்றி, உள்ளே விட்டுத் துடைத்து, இன்னொரு துணியால் உலர்த்துவான். முதல் தடவை கை தவறி, காம்பு குத்திவிட்டது. "செடிய வெட்டுற மாதிரி வெட்டாத மாமா" என்று கத்தினாள். ஒரு வாரத்தில் பழகிவிட்டான். கழிப்பறைக்குக் கூட்டிப் போனான். சேலை கட்டத் தெரியாமல் நைட்டியை ஒரு பக்கம் வெட்டி நாடா வைத்துத் தைத்தான். சடை கோணலாகத்தான் வந்தது. சசிகலா பார்த்துவிட்டு, "அண்ணே, இது சடையா, கவாத்து வெட்டின செடியா?" என்றாள். அவளேதான் ஞாயிறு ஞாயிறு வந்து பேன் பார்த்தாள்.

தெய்வம்மா அழுதது இரண்டே தடவை. வலிக்காக ஒன்று. இன்னொன்று, கட்டைப் பிரித்த அன்று, தோள் இருந்த இடத்தில் பள்ளத்தைப் பார்த்தபோது. மற்ற நேரமெல்லாம் விரல்களுக்கு வேலை கொடுத்தபடி இருந்தாள். ஜன்னல் திரையின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கிள்ளுவாள். நாளைக்கு ஆயிரம் தடவை. திரையின் ஓரம் நைந்து நூலானது.

எலும்பு கூடுவதற்கு ஒரு வருஷம் பிடித்தது. பிப்ரவரியில் எடுத்த படத்தைப் பார்த்து டாக்டர், "கூடிருச்சுங்க, இனி வேலைக்குப் போலாம்" என்று ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். அது சரியான நேரம்தான். எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. சூப்பர்வைசர் சில்வஸ்டர் அதைக் கொண்டுவந்து வாசலில் நின்று படித்துக் காட்டியிருந்தார்.

"மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும்தான் லீவும்மா. ஏப்ரல் ஒண்ணாந்தேதி பேர் கொடுத்து, மத்தவங்க மாதிரி ரெண்டு கையாலயும் கொழுந்து எடுக்கணும். இல்லேன்னா வேலைக்குத் தகுதி இல்லேன்னு கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. வீட்டையும் காலி பண்ணணும்."

"ஆபீஸ் கூட்டுற வேலை ஏதாச்சும் இருக்குதுங்களா சார்?" என்று ராசு கேட்டான்.

"அதுக்கு ஏற்கெனவே நாலு பேரு வரிசையில நிக்கிறாங்க ராசண்ணே."

"வேணாம் சார்" என்றாள் தெய்வம்மா. "நான் கொழுந்து எடுப்பேன். கையையே அதுக்குத்தான் வச்சு அனுப்பியிருக்காங்க."

ஏப்ரல் முதல் தேதி பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தாள். பனி விலகாத காலை. பத்தாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். எலும்பு எடுத்த இடது கால் ஏற்றத்தில் விண்விண் என்றது. அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். அவளுடைய பழைய வரிசையை அவளுக்கே விட்டு வைத்திருந்தார்கள். கீழே நின்று, மலையைப் பார்த்துத் திரும்பி, வலது கையைச் செடி மேல் வைத்தாள்.

வைக்க முடியவில்லை.

செடியின் மட்டம் அவள் மார்புக்கு நேராக இருந்தது. கை இடுப்புக்கு மேலே கொஞ்சம் தள்ளி நின்றது. விரல்கள் போய் முட்டியது செடியின் நடுவில், முற்றிய இலையும் குச்சியும் இருக்கிற இடத்தில். கொழுந்து அதற்கு மேலே ஒரு முழம் தள்ளி இருந்தது.

ஏதோ தவறான செடி என்று நினைத்து அடுத்த செடிக்குப் போனாள். அங்கேயும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும் அப்படித்தான். அப்போதுதான் தன் காலைப் பார்த்தாள். அவள் கால் நின்ற மண்ணுக்கும், எதிரே செடியின் அடித்தூர் இருந்த மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அடி ஏற்றம். இத்தனை வருஷமும் அந்த ஒன்றரை அடியைத் தோள் தானாகத் தூக்கிக் கொடுத்திருந்தது. கோயம்புத்தூரில் அதை அவள் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு?

"என்னக்கா, செடிகிட்ட நலம் விசாரிக்கறியா?" என்றாள் சசிகலா, பக்கத்து வரிசையிலிருந்து. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தெய்வம்மா கையை உயர்த்துவதற்காக உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்தால் கை ஏறியது. சரிவில் பின்னால் சாய்கிறவளுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது கொழுந்து பறிக்கும்போது கால் வழுக்கியது. சசிகலா பாய்ந்து இடது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏலலையாக்கா?"

"வாய மூடு. சில்வஸ்டர் சார் வர்றாரு."

சில்வஸ்டர் பார்த்துவிட்டுத்தான் வந்தார். "ஒரு வாரம் பாரும்மா. அதுக்கு மேல என்னால மறைக்க ஏலாது" என்றார். தெய்வம்மாவின் சொல்லையே அவரும் சொன்னார். இவர்களோடு பேசிப் பேசிப் பழகியது.

அன்று மாலை வீட்டில் தெய்வம்மா கயிற்றை எடுத்துவரச் சொன்னாள். ராசு அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தான். கூரைக்குக் கீழே ஆணியில் தொங்கியது. அவள் வாசலுக்கு வெளியே மேட்டுப் பக்கமாகக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, கீழே நின்று காட்டினாள். ராசு இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தான். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏழு செடில அளந்தேன் தெய்வா."

"எழுபதுல அளந்திருந்தாலும் இதுதான். நீ தப்பா அளக்கல. எந்திரி, சோறு போடு."

வேறு வழி ஒன்றுதான் இருந்தது. மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே எடுப்பது. இறங்கும்போது எதிரே இருக்கிற செடி தணிந்து வரும். கை வைத்த இடத்துக்கு மட்டம் வந்துவிடும். ஆனால் சோலைக்கரையில் யாரும் அப்படி எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. முதுகில் தொங்குகிற சாக்கு நிறைய நிறைய ஆளைக் கீழே தள்ளும். மழைக்காலத்தில் மண் சோப்பு மாதிரி ஆகும். முன்பு ஒருத்தி அப்படி உருண்டு, வேலியில் போய் முட்டி, இடுப்பு போனவள் இன்னும் இரண்டாம் லயத்தில் கட்டிலில் கிடக்கிறாள்.

மறுநாள் தெய்வம்மா வரிசையின் உச்சிக்கு ஏறி, முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை சரியாக மட்டத்தின் மேல் உட்கார்ந்தது. திரையில் பழகிய விரல்கள் பழையபடி ஓடின. மத்தியானத்துக்குள் மற்றவர்கள் எடுத்ததில் முக்கால் வாசி எடுத்துவிட்டாள். மூன்று மணிக்குச் சாக்கு தள்ளியது. எலும்பு எடுத்த கால் மடங்கியது. நான்கு செடிகளை உரசிக்கொண்டு உருண்டு ஐந்தாவது செடியில் நின்றாள். முகமெல்லாம் கீறல். சேர்த்து வைத்த தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் நன்றாகத்தான் சேர்த்திருந்தார்.

புதன்கிழமை ராசு ஒரு தேங்காய் நார்க் கயிற்றோடு மலைக்கு வந்தான். ஒரு நுனியைத் தெய்வம்மாவின் இடுப்பில் கட்டினான். அடிவயிற்றில் இறுக்காமல், இடுப்பு எலும்பின் மேல் உட்கார்கிற மாதிரி, உள்ளே ஒரு பழைய துண்டை மடித்து வைத்துக் கட்டினான். மறு நுனியைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வரிசையின் மேலே நின்றான். அவள் ஒரு செடி இறங்கினால் அவன் ஒரு செடி இறங்குவான்.

பெண்கள் எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எங்கூட்டுக்காரன் என்னைக் கட்டிப் போடோணும்னுதான் இத்தனை வருசமாத் தேடறான்" என்றாள் சசிகலா. "கயிறு கடைல கெடைக்குதுன்னு அவனுக்குச் சொல்லிராதீங்க." இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் அவரவர் செடிக்குத் திரும்பினார்கள்.

சில்வஸ்டர் வந்தார். "ராசண்ணே, நீங்க ரிட்டயர் ஆன ஆளு. பேர்ல இல்லாத ஆளு மலையில நிக்கக் கூடாது."

"நான் எங்க சார் நிக்கறேன்? இவதான் இழுத்துட்டுப் போறா."

சில்வஸ்டர் பள்ளத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "தொரை ஜீப்பு வந்தா வெறகு பொறுக்க வந்தேன்னு சொல்லுங்க. எனக்கு எதுவும் தெரியாது." போகும்போது ராசுவின் காலடியில் ஒரு கல்லை நகர்த்தி, முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரலும் மேயும் அப்படிப் போயின. ஜூனில் மழை பிடித்தது. ராசுவின் உள்ளங்கையில் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. தெய்வம்மா இரண்டு தடவை வழுக்கினாள். இரண்டு தடவையும் கயிறு நிறுத்தியது. மூன்றாம் தடவை கயிறு நிறுத்தவில்லை, ராசுவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேரும் சேற்றில் ஒருவர் மேல் ஒருவர் கிடந்தார்கள். ராசுவுக்கு அறுபது வயது. எழுந்திருக்க நேரமாயிற்று. வீட்டில் அவள் அவன் முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள், இடது கையால்.

ஆகஸ்டில் கோயம்புத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஆறு மாதம் முடிகிறது. மறுபடி அவர் எழுதித் தந்தால்தான் எஸ்டேட்டில் பேர் நிற்கும்.

படம் எடுத்தார்கள். கட்டி திரும்ப வரவில்லை. எலும்பு பாறை மாதிரி கூடியிருந்தது. டாக்டருக்கு மகிழ்ச்சி. வார்டிலிருந்த சின்ன டாக்டர்கள் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டார்.

"இந்தம்மா கை, கயித்துல அளந்து வெச்ச கை" என்று தொடங்கி, தேயிலைச் செடி, சணல் கயிறு, முடிச்சு எல்லாவற்றையும் சொன்னார். சின்ன டாக்டர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண் எழுதிக்கொண்டாள். வர்ஷா அதே மேஜையைத் தள்ளிக்கொண்டு வந்து, அதே உயரத்தில் நிறுத்தி, பச்சைத் துணியைப் போட்டாள்.

"பண்ணிக் காட்டுங்கம்மா."

தெய்வம்மா சமமான தரையில் நின்றாள். கை மேஜையின் மேல் பொருத்தமாக உட்கார்ந்தது. விரல்கள் கிள்ளின. யாரோ கைதட்டினார்கள். ராசு கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"செடிக்குச் சரியா எட்டுதுங்களா?" என்றார் டாக்டர்.

"எட்டுதுங்க."

"மேடு பள்ளத்துல ஒண்ணும் சிரமம் இல்லீங்களே? கால்ல எலும்பு எடுத்திருக்கோம். வழுக்கி விழுந்து கையை ஊனிடக் கூடாது. சிரமம்னா சொல்லுங்க, வேலை வேண்டாம்னு எழுதித் தர்றேன்."

அவர் நல்லதற்குத்தான் கேட்டார். தெய்வம்மா ராசுவைப் பார்க்கவில்லை.

"ஒரு சிரமமும் இல்லீங்க. கயிறு அளவு கச்சிதமா இருந்துச்சு."

டாக்டர் இன்னும் ஆறு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெய்வம்மா தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்தில் ஊட்டி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது.

"சொல்லியிருக்கலாம் தெய்வா" என்றான் ராசு.

"சொல்லிட்டு எங்க போய்ப் படுக்க? மோனிகா ஊட்டுக் கட்டிலுக்கு அடியிலயா?"

எதிரே ஒரு சாமான் கடை இருந்தது. தெய்வம்மா அவனை இழுத்துக்கொண்டு போய், கூரையிலிருந்து தொங்கிய கயிறுகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். நார்க் கயிற்றை விட்டுவிட்டு, மழையில் இற்றுப்போகாத, தடித்த நைலான் கயிற்றைக் காட்டினாள். கடைக்காரர் அதை இறக்கிப் போட்டார். அவள் அதை வலது கையில் வாங்கி, இடது கையால் நீட்டி இழுத்து, பலம் பார்த்தாள்.

"எத்தனை பாரம் தாங்கும்?"

"அது தாங்கும்மா, எருமையவே கட்டலாம். எதுக்கு, கெணத்துக்கா, மாட்டுக்கா?"

"மாட்டுக்குத்தான்" என்றாள் தெய்வம்மா. "பத்து மீட்டர் வெட்டுங்க. கூடவே தோல் கையுறை இருந்தா ஒரு சோடி வைங்க, பெரிய ஆம்பளைக் கைக்கு."